மழையில் யாரும் ஓட்டுவதில்லை

மழை பெய்யும்போது யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்பது பொது மிதிவண்டி வாரியத்தின் கண்டுபிடிப்பு. அதற்காக ஒரு மாநாட்டில் வாரியத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் தலைமை அலுவலகத்தின் வரவேற்பறையில், சாரல் படாத இடத்தில் இருக்கிறது.

கண்டுபிடித்த விதம் எளிமையானது. நகரத்தில் வாரியத்தின் ஸ்டாண்டுகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம், எந்த வானிலையில் எத்தனை பேர் சைக்கிள் எடுக்கிறார்கள் என்று இயந்திரம் குறித்துக்கொண்டே இருக்கும். வெயில் என்றால் இத்தனை பேர். மேகமூட்டம் என்றால் இத்தனை. காற்றடித்தால் இத்தனை. மழை என்றால் பூஜ்யம். எந்த ஸ்டாண்டை எடுத்தாலும், எந்த வருடத்தை எடுத்தாலும் பூஜ்யம். அறிவியலில் இவ்வளவு சுத்தமான முடிவு அபூர்வம் என்று மாநாட்டில் பேசியவர்கள் சொன்னார்கள்.

மழையில் நனைந்தால் சைக்கிள் துருப்பிடிக்கும் என்பதால், முதல் தூறலிலேயே எல்லா ஸ்டாண்டுகளையும் தலைமை அலுவலகத்திலிருந்து பூட்டிவிடுவார்கள். இதைப் பற்றி மாநாட்டில் யாரும் கேட்கவில்லை.

இந்த வருட மழைக்காலத்தில்தான் சிக்கல் வந்தது. வரைபடத்தில், பூஜ்யக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. ஏதோ தூசி என்று திரையைத் துடைத்தார்கள். அடுத்த மழையில் இன்னொரு புள்ளி வந்தது. பிறகு மழைக்கு மழை வந்தது. எல்லாப் புள்ளிகளும் ஒரே ஸ்டாண்டிலிருந்து, ஒரே ஆளின் கார்டிலிருந்து வந்தன.

அந்த ஆள் ஒரு தங்கை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் பேசுவதற்கு அக்கா இருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அவனைவிடக் கனம். அக்கா அவனை எலி என்று கூப்பிட்டாள். பெயர் வைக்கிற அளவுக்கு இன்னும் வளரட்டும் என்றாள். ஆஸ்பத்திரியின் பச்சிளம் குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு அவன் கிடந்தான். தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் அவன் குடல் தாங்காது, பவுடர் பால் போனால் வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. ஒரு ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. இருந்தாலும், படுக்கை வேறொருவருக்கு வேண்டும் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு மூன்றாம் மாடி. மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்தக் கடலில் இருக்கிறார் என்பது அவர் கூப்பிடும்போதுதான் தெரியும்.

அக்கா பிழிந்து தரும் பாலைப் புட்டியில் அடைத்து, ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து, வேளைக்கு வேளை வார்டில் கொண்டுபோய்க் கொடுப்பது தங்கையின் பொறுப்பு. கடைக்காரர் அவளை இடையிடையே வெளியே விட்டார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார். அக்காவுக்குச் சுரந்ததே கொஞ்சம்தான். சேர்த்து வைக்க மிஞ்சாது. ஒரு வேளைப் பால் போகவில்லையென்றால் அந்த வேளை எலி பட்டினி.

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ரயில் பாதை ஓடியது. பஸ் அதன் அடியில் சப்வே வழியாகப் போகும். மழை வந்தால் சப்வே நிரம்பிவிடும். பஸ் ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு வரும், அல்லது வராது. டாக்ஸிக்காரர்கள் சப்வே பக்கம் என்றாலே போனை வைத்துவிடுவார்கள். ஆனால் தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைமேம்பாலம் இருந்தது. அதன் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் மிதித்தால் பால் குளிர்ச்சி போகாமல் வார்டுக்குப் போய்ச் சேரும். இதுதான் புள்ளியின் கதை.

வாரியத்திலிருந்து போனில் செய்தி வந்தது. ‘தாங்கள் மழையில் சைக்கிள் ஓட்டியதாகத் தெரியவருகிறது. நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.’

தங்கை அதை அக்காவிடம் காட்டினாள்.

“பரிசு குடுக்கப் போறாங்களோ என்னமோ, போயிட்டு வா,” என்றாள் அக்கா. “வாயைத் திறந்து பேசுடி. தலையை மட்டும் ஆட்டிட்டு வராதே. நாளைக்கு உன் கல்யாணத்துல சம்மதம்னு சொல்லவும் நான்தான் வரணும் போல.”

*

தலைமை அலுவலகத்தின் கூட்ட அறைக்கு ஜன்னல் கிடையாது. வானிலையைப் பற்றி யோசிக்கும்போது வானிலை குறுக்கிடக் கூடாது என்பது இயக்குநரின் கொள்கை. நீள மேஜையின் ஒரு கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுற்றுப்புறப் பிரிவின் அதிகாரி அம்மா. சுவரில் வரைபடம். தங்கையை அதற்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள்.

“எவ்வளவு ஸ்டாண்டு இருக்கு தெரியுமாம்மா நம்மகிட்ட?” என்றார் இயக்குநர். “எல்லாம் கோட்டுல நிக்குது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி. நீங்க ஒருத்தர்தான் மேல நிக்கிறீங்க.”

தங்கை வரைபடத்தைப் பார்த்தாள். தன் புள்ளிகள் சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள்.

“மன்னிச்சிருங்க சார்.”

“மன்னிப்பு இருக்கட்டும். எங்க கணிப்பு மாடல் தப்பு பண்ணாது. தப்பு பண்ண மனுஷங்களால மட்டும்தான் முடியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம். உங்களுக்கு மழைன்னா ரொம்பப் பிடிக்குமா?”

“இல்ல சார்.”

“பின்னே?”

“பால் கொண்டுபோகணும்.”

“பால் வியாபாரமா?”

“இல்ல சார். அக்காவோட பால். எலிக்கு.”

தங்கை காது சிவக்க, குழந்தை, கண்ணாடிப் பெட்டி, சப்வே, பாலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாதி வாக்கியங்கள் வெளியே வரவில்லை. இயக்குநர் கடைசிவரை கேட்டார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், “வணிக நோக்கம் இல்லைன்னு எழுதிக்குங்க,” என்றார்.

சுற்றுப்புற அதிகாரி மேஜையில் ஒரு படத்தை விரித்தார். “நான் சொல்றது வேற சார். அவங்க ஸ்டாண்டைப் பாருங்க. ஒரு பக்கம் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் மூடிப்போன பேட்டரி ஃபேக்டரி சுவர். மரம் இல்ல, கடை இல்ல, பாக்க ஒரு காட்சி இல்ல. சுற்றுப்புற மதிப்பெண் மைனஸ்ல இருக்கு. நல்ல வெயில்லயே அங்கேருந்து சைக்கிள் எடுக்கணும்னு யாருக்கும் தோணக்கூடாது.” தங்கையின் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தோணுதா?”

“தோணல மேடம். ஆனா போகணும்.”

“பாத்தீங்களா சார். தோணலைன்னு அவங்களே சொல்றாங்க.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். அவர் உண்மையிலேயே கவலையாக இருந்தார். “எனக்கு ஒண்ணுதான் புரியல. மழை வந்தா பூட்டிருமே. பூட்டின சைக்கிள் உங்க கைக்கு மட்டும் எப்படி வருது?”

வாயைத் திறந்து பேசச் சொல்லி அக்கா அனுப்பியிருந்தாள். இந்த ஒரு கேள்விக்குத்தான் தங்கையிடம் முழுப் பதில் இருந்தது.

“கடைசிக் கம்பத்துல பூட்டு சரியா விழாது சார். முழங்காலால லேசா முட்டுக் குடுத்தா கழண்டுக்கும். அப்புறம் கார்டை வச்சா எடுத்துக்கும்.”

அறையில் பெரிய மூச்சு ஒன்று விடப்பட்டது. யாரோ நாற்காலியில் சாய்ந்தார்கள். இயக்குநர் எழுந்து நின்றார்.

“அப்ப மாடல் சரி,” என்றார். “பூட்டுதான் தப்பு.”

எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். தங்கைக்கும் கொடுத்தார்கள். டீ வந்தது. வாரியத்தின் நம்பிக்கையைக் காப்பாற்றியவர் என்று சுற்றுப்புற அதிகாரி அவள் தோளைத் தட்டினார். இத்தனை பேர் முன்னால் பேசி, அது ஒருவருக்காவது உதவியது என்ற சந்தோஷத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

நடந்ததைக் கேட்ட அக்கா அவளையே பார்த்தாள்.

“முழங்கால் விஷயத்தையுமா சொன்ன?”

“கேட்டாங்க.”

“உன்னைக் கூட்டிக்கிட்டுத் திருடப் போனா, போற வழியில போலீஸ் ஸ்டேஷன்ல நின்னு எந்த வீடுன்னு சொல்லிட்டு வருவ நீ.”

*

மறுநாளே பூட்டுக்காரர் வேனில் வந்தார். பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். முழங்காலால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு முழங்காலாலும் முட்டிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வேனில் ஏறிப் போனார்.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. தங்கை பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேம்பாலத்தில் ஓடினாள். வார்டுக்குப் போனபோது சிஸ்டர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

“குழாய்ல விடுற வேளை தாண்டிருச்சும்மா. இனி அடுத்த வேளைக்குத்தான்.”

“மழை சிஸ்டர்.”

“மழைன்னு அவன் வயித்துக்குத் தெரியுமா? ஒரு வேளை தாங்குவான். இது வழக்கமாச்சுன்னா டாக்டர் பவுடர் எழுதிருவார். அப்புறம் வயிறு ஊதிச்சுன்னா என் கையில இல்ல.” சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “போன மாசம் ஒண்ணு பாத்தேன். திரும்பப் பாக்க என்னால முடியாது. சீக்கிரம் கொண்டு வா.”

கண்ணாடிக்கு அப்பால் எலி தூக்கத்தில் வாயை மட்டும் அசைத்தான். எதையோ உறிஞ்சுவதுபோல.

தங்கை இரண்டாம் முறை தலைமை அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனாள். மழை நாட்களில் தனக்கு மட்டும், ஒரே ஒரு சைக்கிளுக்கு மட்டும், பூட்டிலிருந்து விலக்கு வேண்டும்.

“சொந்தமா ஒரு சைக்கிள் வச்சுக்கலாமேம்மா,” என்றார் இயக்குநர்.

“வச்சிருந்தேன் சார். உங்க ஸ்டாண்டு இருக்கிற தெருவுல சொந்தச் சைக்கிள் நிறுத்தக்கூடாதுன்னு போர்டு வச்சீங்க. மூணு மாடி தூக்கிட்டுப் போக முடியல. கீழ விட்டேன். உங்க லாரி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு.”

“அது வேற பிரிவு,” என்றார் இயக்குநர். பிறகு கைகளை மேஜைமேல் கோத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார்.

“இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. விலக்கு குடுத்தா நீங்க மழையில ஓட்டுவீங்க. ஓட்டினா புள்ளி மேல போகும். புள்ளி மேல போனா மாடல் தப்பு. மழையில யாரும் ஓட்ட மாட்டாங்கங்கிறதே தப்புன்னா, நாங்க பூட்டுறதும் தப்பு. அப்ப எல்லா ஸ்டாண்டையும் திறந்துவிடணும். திறந்துவிட்டா சைக்கிளெல்லாம் துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச சைக்கிளை யாரும் ஓட்ட மாட்டாங்க. ஆகக்கூடி, எந்தப் பக்கம் சுத்தி வந்தாலும் மழையில யாரும் ஓட்ட மாட்டாங்க. நான் சொல்றதுல எங்கயாவது ஓட்டை இருக்கா?”

தங்கை யோசித்தாள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

“குழந்தைக்குப் பசிக்கும் சார்,” என்றாள்.

“அது மாடல்ல இல்லம்மா,” என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

சுற்றுப்புற அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை கூடவே வந்தார். “வருத்தப்படாதீங்க. மழையை நம்மால மாத்த முடியாது. சுற்றுப்புறத்தை மாத்தலாம். உங்களுக்காக நான் செய்றேன்.”

*

அவர் சொன்னபடியே செய்தார்.

பேட்டரி ஃபேக்டரி சுவரில் ஒரு ஏரியை வரைந்தார்கள். ஏரியில் அன்னங்கள், கரையில் மரங்கள். மரங்களை எண்ணி மதிப்பெண் போட்டார்கள். நிஜச் செடிகள் இரண்டைத் தொட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஏரியைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. பம்பிங் ஸ்டேஷன் பக்கம் காலையும் மாலையும் எலுமிச்சை வாசனை அடித்தார்கள். கொஞ்ச நேரம் கழிவுநீரில் எலுமிச்சை பிழிந்ததுபோல இருக்கும். ஏரியை மறைக்கிறது என்று பஸ் நிறுத்தத்தைத் தூக்கி இரண்டு தெரு தள்ளி வைத்தார்கள்.

ஸ்டாண்டின் மதிப்பெண் நகரத்திலேயே மேலான இடத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட ஏரிக்கரையில், இதமான வானிலையில், மக்கள் வரிசையில் நின்று சைக்கிள் எடுப்பார்கள் என்று மாடல் கணித்தது.

யாரும் வரவில்லை. தெருவில் இருந்ததே நாலு வீடு.

கோட்டுக்கு மேலே நிற்பது எப்படித் தவறோ, கீழே நிற்பதும் அப்படியே தவறு. அதனால் வாரியம் தன் ஊழியர்களையே அனுப்பியது. கணக்குப் பிரிவு, தபால் பிரிவு, வரவேற்பு, எல்லோரும் முறை வைத்து வந்து சைக்கிள் எடுத்தார்கள். பம்பிங் ஸ்டேஷனைச் சுற்றினார்கள், கொண்டுவந்து விட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். கழுத்து டை முதுகுப் பக்கம் பறக்க, முகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லாமல் மிதித்தார்கள்.

தங்கை பெட்டியோடு வந்து நின்றபோது ஸ்டாண்டு காலி. சுற்றி வந்து இறங்கிய கணக்குப் பிரிவுப் பெரியவரிடம் போனாள். பருத்த உடம்பு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“சார், அந்தச் சைக்கிளைத் தர்றீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? சாயங்காலத்துக்குள்ள இன்னும் எத்தனை சுத்து பாக்கி கிடக்கு. மூட்டு ரெண்டும் போச்சு.”

“எங்க சார் போறீங்க?”

“எங்கயும் இல்ல. ஏரியைச் சுத்துறோம்.”

“ஏரி இல்லையே சார்.”

“மாடல்ல இருக்கும்மா.”

“நான் எடுத்தாலும் அது ஒரு பயணம்தானே. உங்களுக்கும் ஒரு சுத்து மிச்சம்.”

பெரியவர் அதை நல்ல யோசனை என்றே நினைத்தார். பிறகு தலையை ஆட்டினார். “உன் கார்டுக்கு நேரே சிவப்பு போட்டிருக்காங்க தாயி. நீ மழையைச் சேர்ந்த ஆளாம். வெயில்ல நீ எடுத்தா அந்தப் புள்ளியை எங்க வைக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. என் தலையைத்தான் உருட்டுவாங்க.”

அவர் மறுபடி ஏறி மிதித்தார். தங்கை பஸ் நிறுத்தத்தைத் தேடி ஓடினாள்.

ஆக, வெயிலில் சைக்கிள் இல்லை, மழையில் பூட்டு. நடந்தும், ஓடியும், பஸ்ஸுக்குக் காத்தும் அவள் பால் கொண்டுபோனாள். சில வேளைகள் தவறின. எலியின் எடை நின்ற இடத்தில் நின்றது. பிறகு குறைந்தது. அக்கா கேலி பேசுவதை நிறுத்தியிருந்தாள். தங்கை உள்ளே வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள். முகத்திலிருந்தே தெரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அவள் படுக்கையில் காய்ச்சலின் வாடை வர ஆரம்பித்தது.

*

மாநாட்டில் கேடயம் கொடுத்தவர்கள் நேரில் வந்தார்கள். ஏரிக்கரை ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஊழியர்கள் ஒதுங்கிக்கொள்ள, விருந்தினர்கள் ஆளுக்கு ஒரு சைக்கிள் எடுத்துச் சுற்றினார்கள். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரியாது. அதனால் ஒரு சைக்கிள் மிஞ்சி நின்றது.

தங்கை அப்போதுதான் பெட்டியோடு கீழே இறங்கி வந்தாள். கணக்குப் பிரிவுப் பெரியவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “எடுத்துக்கோ தாயி, யாரும் பாக்கல. என் தலை உருண்டா உருளட்டும்,” என்றார்.

அவள் கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைப் பிடித்தாள். அவள் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. விளக்கு சிவப்பாகிவிட்டது.

அவள் இழுத்தாள். முழங்காலால் முட்டினாள். புதுப் பூட்டு.

இயக்குநர் குடையை விரித்துக்கொண்டு விருந்தினர்களோடு வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. இப்படி ஒரு வாய்ப்பு தானாக அமையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனிக்கணும்,” என்றார். “நான் அறையில உட்கார்ந்து சொல்றதைவிட இது மேல. இந்தப் பொண்ணு சைக்கிள் எடுக்க வந்தது. நீங்களே பாத்தீங்க. மழை வந்துச்சு. இப்ப பாருங்க, ஓட்டலை. யாரும் தடுக்கல, யாரும் ஒரு வார்த்தை சொல்லல. மனித சுபாவம். இதைத்தான் எங்க வாரியம் இத்தனை வருஷமா மக்கள்கிட்டேருந்து கத்துக்கிட்டு வருது. மக்கள் என்ன விரும்புறாங்களோ அதை மட்டும்தான் நாங்க செய்றோம்.”

விருந்தினர்கள் கைதட்டினார்கள். குடைகளுக்கு அடியிலிருந்து அவளைப் படம் எடுத்தார்கள். பூட்டிய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி, தோளில் பெட்டியோடு நிற்கும் பெண். கொஞ்சம் சிரிக்க முடியுமா என்று ஒருவர் சைகையில் கேட்டார்.

சுற்றுப்புற அதிகாரி தன் குடையை அவள் பக்கம் நீட்டினார். “இந்த வெளிச்சத்துல ஏரி நல்லா இருக்கு இல்ல?” என்றார்.

தங்கை ஓடினாள். மேம்பாலத்தின் சரிவில் ஆறாக வந்துகொண்டிருந்தது தண்ணீர். கீழே சப்வேயில் ஒரு பஸ் ஜன்னல்வரை மூழ்கி நின்றது. அந்தப் பக்கம் இறங்கி, தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து வார்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

எலியின் கையில் ஒரு ஊசி ஏற்றியிருந்தார்கள். ஊசியின் அகலம் கையின் பாதி இருந்தது.

“ரத்தத்துல சர்க்கரை இறங்கிருச்சு,” என்றார் சிஸ்டர். “டாக்டர் பாத்துட்டுப் போயிட்டார். நாளைக் காலையிலேருந்து பவுடர்னு எழுதிட்டார்.”

“இன்னிக்கு இனிமே ஒரு வேளைகூட விடாம பால் வந்தா?”

“வந்தா நான் ஏம்மா பவுடரைத் தொடப் போறேன்? வந்துருச்சு சார்னு காலையில நானே அவர்கிட்டச் சொல்வேன். வரணும். அதுதானே உங்களால முடியல.”

*

“மழை விடுமா?” என்றாள் அக்கா.

“விடாது.”

“சைக்கிள்?”

“வராது.”

அக்கா ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சரி. பாலே நடந்து வரட்டும். என் செருப்பை எடு.”

“மாடி இறங்கினா தையல் பிரிஞ்சிரும்க்கா.”

“பிரிஞ்சா ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்.”

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்கள். ஏரியின் முன்னால் பெஞ்சில் அக்கா ஒரு தடவை உட்கார்ந்தாள். அன்னங்களின் சாயம் கரைந்து சுவரில் வழிந்துகொண்டிருந்தது. மேம்பாலத்தின் சைக்கிள் சரிவில் அவள் குனிந்தபடி ஏறினாள். தங்கை பின்னாலிருந்து இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினாள். சைக்கிளைத் தள்ளும் அதே சரிவுதான். அக்கா சைக்கிளைவிடக் கனமாக இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார்.

“டிஸ்சார்ஜ் ஆனவங்க நோயாளி இல்ல. பார்வையாளர் நேரமும் முடிஞ்சிருச்சு.”

“நான் குழந்தைக்கு அம்மா.”

“குழந்தை உள்ள இருக்கணும், அம்மா வெளிய இருக்கணும். நான் போட்ட சட்டமா தாயி? பால் இருந்தா தங்கச்சிகிட்டக் குடுத்து விடுங்க.”

வெளியே இருக்க இடமில்லை. காத்திருக்கும் கூடத்தில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். மர நிழல் மழைக்கு உதவாது. வாசலுக்குப் பக்கத்தில் வாரியத்தின் ஸ்டாண்டு மட்டும் இருந்தது. வாரியம் செய்த காரியங்களில் குறை சொல்ல முடியாதது அதன் கூரைதான். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சைக்கிள்மேல் ஒரு துளி படாதபடி சரித்துக் கட்டியிருந்தார்கள். விளக்குகூட இருந்தது. சைக்கிள்கள் வரிசையாக, பூட்டப்பட்டு, உலர்ந்து நின்றன. அவற்றுக்கு நடுவே, இரண்டு சக்கரங்களின் இடைவெளியில், அக்கா கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.

முதல் வேளைப் பாலைத் தங்கை மேலே கொண்டுபோய்க் கொடுத்து, அக்கா கீழே ஸ்டாண்டில் இருப்பதைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வேளை தவறவில்லை. திரும்பி வந்தபோது காவலாளி, “வார்டுக்கு ஆள் ஏறி இறங்கக்கூடாதுன்னு இப்பத்தான் சொன்னாங்க. இனி விட முடியாது,” என்றார்.

பூட்டுக்காரர் மழைக்கோட்டோடு வந்தார். எல்லாப் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், அக்காவின் கால் தடுக்கி நின்றார்.

“மழை நேரத்துல ஸ்டாண்டுல ஆள் இருக்கக்கூடாதும்மா.”

“நாங்க ஓட்டலையே,” என்றாள் அக்கா.

பூட்டுக்காரர் யோசித்தார். போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

“ரெண்டு பேர் இருக்காங்க சார். இல்ல சார், ஓட்டல. உட்கார்ந்திருக்காங்க. ஆமா சார், நல்ல மழை. இல்ல சார், ஓட்டுற நிலைமையிலேயே இல்ல.” போனை வைத்தார். “இருக்கலாமாம். ஓட்டாத வரைக்கும் ஆட்சேபணை இல்லையாம். இயக்குநருக்குச் சந்தோஷம்.”

“நீங்க போகலையா?”

“வேன் சப்வேல நின்னுருச்சு. சைக்கிள்ல போகலாம்னா, பூட்டிருச்சு.”

“சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

“சரி பாக்கிறதுதான் நான். திறக்கிறது தலைமை அலுவலகம்.” அவரும் கூரைக்குள் ஒதுங்கி நின்றார்.

மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. சிஸ்டர் எட்டிப் பார்த்து, அடுத்த வேளை வந்துவிட்டது என்று சைகை காட்டினார். பிறகு பால் புட்டியை மேலே இழுக்க ஒரு சின்ன வாளியைக் கயிற்றில் கட்டி இறக்க ஆரம்பித்தார்.

தங்கை சால்வையை இரண்டு சைக்கிள் கைப்பிடிகளில் மாட்டி மறைப்புக் கட்டினாள். பூட்டுக்காரர் திரும்பி நின்று மழையைப் பார்த்தார். அக்காவின் கை நெருப்பாகச் சுட்டது. பிழிந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிழிந்தாள். தங்கை புட்டியைப் பிடித்துக்கொண்டு, அதன் அடியையே பார்த்தாள். வாளி தரைக்கு வந்து, சேற்றில் சாய்ந்து, காத்துக்கிடந்தது.

“ஆச்சா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “டாக்டர் ராத்திரி ரவுண்ட்ஸ் வர்றார். இழுத்துரவா?”

புட்டியின் அடியில் ஒரு துளி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“இழுக்காதீங்க சிஸ்டர்,” என்று தங்கை கத்தினாள். பூட்டுக்காரர் திடுக்கிட்டார். காவலாளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் மழையின் சத்தத்துக்கு மேலே, தெருவுக்கே கேட்கும்படி மறுபடி கத்தினாள். “வருது. இருங்க. வருது.”